ஜார்ஜ் காமாவ்

ஜார்ஜ் காமாவ் (மார்ச் 4, 1904 - ஆகஸ்ட் 19, 1968) உருசியப் பேரரசில் பிறந்து, பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த கோட்பாட்டு இயற்பியலாளரும் அறிவியல் எழுத்தாளரும் ஆவார். அணுக்கருவிலிருந்து ஆல்பா துகள் வெளியேறுவதைக் குவாண்டம் இயங்கியலின் துணைகொண்டு விளக்கியது, பெருவெடிப்புக் கோட்பாட்டை வளர்த்தெடுத்தது, மரபுக் குறியீடு பற்றிய கேள்வியைத் தெளிவாக முன்வைத்தது ஆகியன இவரது முதன்மையான ஆய்வுப் பணிகளாகும். சார்பியல் கோட்பாட்டையும் குவாண்டம் இயங்கியலையும் உயர்கணிதம் அறியாத பள்ளி மாணவரும் பொதுமக்களும் புரிந்துகொள்ளும்படி கதைவடிவில் எழுதிய முன்னோடிகளுள் இவர் ஒருவர். இப்பணிக்காக 1956ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

இளமைக்காலம்

காமாவ் கருங்கடற் கரையில் அமைந்த ஒடெசா நகரில் பிறந்தார். இந்நகர் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. தந்தை உயர்நிலைப் பள்ளியில் உருசிய மொழியும் இலக்கியமும் கற்பித்தவர். தாய் பெண்கள் பள்ளியொன்றில் புவியியலும் வரலாறும் கற்பித்தவர். காமாவுக்கு ஒன்பது வயதானபோது தாய் இறந்தார். முதல் உலகப் போரும் அதனைத் தொடர்ந்த புரட்சியும் உள்நாட்டுப் போரும் இவரது பள்ளிப் படிப்பை அடிக்கடி தடைப்படுத்தின.

சிறுவயதிலேயே எதனையும் தானே சோதித்துப் பார்க்கும் இயல்பு இவரிடம் இருந்தது. தேவாலயத்தில் வழங்கப்பட்ட திருவிருந்து அப்பத்தை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, தந்தை வாங்கித் தந்த நுண்ணோக்கியில் வைத்து, சாதாரண அப்பத்துடன் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தன் வரலாற்றில் எழுதியுள்ளார். தாம் அறிவியலாளர் ஆவதற்கு அச்சோதனையே தொடக்கமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. பதின்மூன்றாம் பிறந்த நாளுக்குத் தந்தை அளித்த தொலைநோக்கி அவரது ஆர்வத்தை வானியலின் பக்கம் திருப்பியது.

கல்வி

ஒடெசாவில் ஓராண்டு பயின்றபின், 1923இல் பெட்ரோகிராட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அந்நகரின் பெயர் லெனின்கிராட் என மாற்றப்பட்டது. படிப்புச் செலவுக்காக வானிலை அளவீட்டுப் பணி செய்ததோடு, பீரங்கிப் படைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் விரிவுரைகளும் நிகழ்த்தினார்.

பொதுச் சார்பியலின் சமன்பாடுகளிலிருந்து அண்டம் விரிவடையக்கூடும் எனக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிரீட்மான் அப்போது அங்குக் கற்பித்துக் கொண்டிருந்தார். அவரிடம் அண்டவியல் ஆய்வு செய்யக் காமாவ் விரும்பினார். ஆனால் பிரீட்மான் 1925இல் இறந்தமையால் அவ்விருப்பம் நிறைவேறவில்லை.

லெவ் லாந்தாவ், திமித்ரி இவானென்கோ, மத்வேய் புரோன்ஸ்டைன் ஆகியோர் இவரது மாணவப் பருவ நண்பர்கள். குவாண்டம் இயங்கியல் அப்போதுதான் செருமனியில் உருவாகிக் கொண்டிருந்தது. பாடத்திட்டத்தில் இடம்பெறாத அப்புதிய இயலை இவ்விளைஞர்கள் ஆய்விதழ்களைப் படித்தும் தமக்குள் விவாதித்தும் கேலிப்பாடல்கள் புனைந்தும் கற்றுக்கொண்டனர்.

ஆல்பா சிதைவு விளக்கம்

1928ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் காமாவ் செருமனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு எர்னெஸ்ட் இரதர்போர்டு எழுதிய கட்டுரை ஒன்று இவர் கவனத்தை ஈர்த்தது. யுரேனிய அணுக்கருவைச் சுற்றியுள்ள மின்விலக்கு விசை ஒரு சுவர்போல் உள்ளது. 8 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுடன் வெளியிலிருந்து மோதும் ஆல்பா துகளாலும் அச்சுவரைக் கடக்க இயலவில்லை. ஆனால் யுரேனியம் தானே வெளியிடும் ஆல்பா துகளின் ஆற்றல் ஏறத்தாழ 4.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. வலிய துகள் உள்ளே நுழைய முடியாத சுவரை எளிய துகள் கடந்து வெளியே வருவது எவ்வாறு என்பதே புதிர்.

பழைய இயற்பியலின்படி, மேட்டின் உச்சியை அடையப் போதிய ஆற்றல் இல்லாத பந்து ஒருபோதும் மறுபுறம் செல்லாது. குவாண்டம் இயங்கியலில் துகளுக்கு அலை இயல்பும் உண்டு. அந்த அலை சுவரின் உட்பகுதியில் மிக விரைவாகத் தேய்ந்தாலும் முற்றிலும் அழிவதில்லை. மறுபுறத்தில் அதன் மிகச் சிறு பகுதி எஞ்சி நிற்கும். ஆகவே துகள் வெளியே காணப்படுவதற்கு மிகச் சிறிய, ஆனால் சுழியல்லாத நிகழ்தகவு உண்டு. இதனைச் சுரங்கப்பாதை விளைவு என்பர்.

ஆல்பா துகளின் ஆற்றல் சற்றுக் கூடினாலும் கதிரியக்கத் தனிமத்தின் அரைவாழ்வுக்காலம் பெரிதும் குறைவது ஏன் என்பதும் இதனால் விளங்கியது. 4.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள துகளை வெளியிடும் யுரேனியம்-238இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். 8.8 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள துகளை வெளியிடும் பொலோனியம்-212இன் அரைவாழ்வுக்காலம் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அதே ஆண்டில் அமெரிக்காவில் ரொனால்ட் கர்னி, எட்வர்ட் காண்டன் ஆகிய இருவரும் தனியே இதே முடிவுக்கு வந்தனர்.

பின்னர்க் கோபனேகனில் நீல்ஸ் போரிடமும், கேம்பிரிட்ச்சில் இரதர்போர்டிடமும் காமாவ் பணியாற்றினார். குறைந்த ஆற்றலுள்ள புரோத்தன்களும் இலேசான அணுக்கருவினுள் நுழையக்கூடும் என்ற இவரது கணக்கீடு, ஜான் காக்ராஃப்ட், எர்னெஸ்ட் வால்ட்டன் இருவருக்கும் ஊக்கமளித்தது. அவர்கள் 1932இல் முடுக்கிய புரோத்தன்களால் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தனர்.

சோவியத் நாட்டில் நெருக்கடி

காமாவ் 1931இல் நாடு திரும்பியபோது சூழ்நிலை மாறியிருந்தது. அவ்வாண்டு உரோம் நகரில் நடைபெற்ற அணுக்கரு இயற்பியல் மாநாட்டுக்குச் செல்ல இவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. சார்பியலும் குவாண்டம் இயங்கியலும் அரசின் மெய்யியலுக்கு உடன்பட்டவையா என்ற வாதம் நாட்டில் எழுந்திருந்தது. லெனின்கிராட் நகரில் ஐசன்பர்க்கின் அறுதியின்மைக் கொள்கை பற்றிப் பொதுமக்களுக்கு இவர் உரையாற்றிக் கொண்டிருந்தபோது, மெய்யியல் கண்காணிப்புக்குப் பொறுப்பான ஒருவர் உரையை இடையில் நிறுத்தி அவையைக் கலைத்துவிட்டதாகவும், அக்கொள்கையைப் பற்றி இனிப் பொது அவைகளில் பேசலாகாது எனப் பின்னர்ப் பல்கலைக்கழகம் தமக்கு அறிவுறுத்தியதாகவும் தன் வரலாற்றில் காமாவ் குறிப்பிட்டுள்ளார்.

1931இல் லியுபோவ் வொக்மின்த்சேவா என்ற இயற்பியல் பட்டதாரியை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் மடக்குப் படகு ஒன்றில் கிரிமியாவிலிருந்து கருங்கடலைக் கடந்து துருக்கிக்குத் தப்பிச்செல்ல முயன்றனர். அவித்த முட்டைகளும் சாக்கலேட்டும் வழியுணவாகக் கொண்டு, 250 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவைத் துடுப்பு வலித்தே கடக்கத் திட்டமிட்டிருந்தனர். முதல் நாள் கடல் அமைதியாக இருந்தது. பின்னர்ப் புயற்காற்று படகைக் கரைக்கே தள்ளிவிட்டது. வடக்கே மூர்மான்ஸ்க் பகுதியிலிருந்து நார்வேக்குச் செல்லும் முயற்சியும் கைகூடவில்லை.

1933ஆம் ஆண்டு அக்டோபரில் பிரசெல்சில் நடைபெற்ற சால்வே மாநாட்டுக்கு இவர் அழைக்கப்பட்டார். மனைவியையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என வற்புறுத்தி அனுமதி பெற்றார். அதன்பின் இவர்கள் நாடு திரும்பவில்லை. சோவியத் அறிவியல் கழகம் 1938இல் இவரது உறுப்புரிமையை நீக்கியது. இறந்து 22 ஆண்டுகளுக்குப் பின், 1990இல், அதனை மீண்டும் அளித்தது.

நாட்டில் தங்கிய நண்பர்களுள் புரோன்ஸ்டைனின் முடிவு துயரமானது. ஈர்ப்புக்கும் குவாண்டம் இயங்கியலுக்கும் உள்ள தொடர்பை முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவரான அவர், சிறுவர்களுக்கான அறிவியல் நூல்களையும் எழுதியவர். கதிரவனில் ஈலியம் கண்டறியப்பட்ட வரலாற்றைக் கூறும் அவரது சிறுவர் நூல் 1936இல் வெளிவந்தது. 1937இல் கைது செய்யப்பட்ட அவர் 1938 பெப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே 1938ஆம் ஆண்டில்தான் காமாவ் சார்பியலைப் பற்றிய தம் முதற் கதையை எழுதினார்.

அமெரிக்க வாழ்க்கை

1934இல் வாசிங்டனில் உள்ள ஜார்ஜ் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இவரது முயற்சியால் எட்வர்ட் டெல்லரும் அங்குச் சேர்ந்தார். இருவரும் பீட்டா சிதைவு பற்றிய விதிகளை 1936இல் வெளியிட்டனர். ஆண்டுதோறும் அங்கு நடைபெற்ற கோட்பாட்டு இயற்பியல் மாநாடுகளைக் காமாவ் முன்னின்று நடத்தினார். 1939 சனவரியில் நடைபெற்ற மாநாட்டில்தான், யுரேனிய அணுக்கரு பிளவுபடுகிறது என்ற செய்தியை நீல்ஸ் போர் அமெரிக்க அறிவியலாளர்களுக்கு அறிவித்தார்.

திரு. டாம்கின்ஸ் கதைகள்

காமாவ் 1938இல் எழுதிய சிறுகதையை அமெரிக்க இதழ்கள் பல ஏற்காமல் திருப்பி அனுப்பின. அவ்வாண்டு வார்சா நகர மாநாட்டில் இயற்பியலாளர் சார்லஸ் கால்டன் டார்வினைச் சந்தித்தார். இவர் படிவளர்ச்சிக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வினின் பேரன் ஆவார். அக்கதையைக் கேம்பிரிட்ச் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'டிஸ்கவரி' இதழின் ஆசிரியர் சி. பி. ஸ்னோவுக்கு அனுப்புமாறு அவர் கூறினார். ஸ்னோ அதனை ஏற்று, மேலும் கதைகள் கேட்டார். இவற்றின் தொகுப்பு 'விந்தை உலகில் திரு. டாம்கின்ஸ்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்தது. அணுவின் உள்ளமைப்பைக் கூறும் இரண்டாம் நூல் 1944இல் வெளிவந்தது. இரண்டும் திருத்தி இணைக்கப்பட்டு 1965இல் ஒரே நூலாயின.

கதைத்தலைவர் டாம்கின்ஸ் ஒரு வங்கி எழுத்தர். அறிவியல் அறியாதவர், ஆனால் அறிய ஆவலுள்ளவர். முதியவரான பேராசிரியர் ஒருவரின் சொற்பொழிவுக்குச் சென்று, பாதியிலேயே உறங்கிப் போகிறார். சொற்பொழிவில் கேட்டவை அவர் கனவில் நேரில் நிகழ்கின்றன. பின்னர்ப் பேராசிரியரின் மகளையே மணக்கிறார். டாம்கின்சின் பெயருக்கு முன்னுள்ள சி. ஜி. எச். என்ற மூன்று எழுத்துகளும் முறையே ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி ஆகியவற்றைக் குறிக்கும் இயற்பியல் குறியீடுகளாகும். இம்மூன்றின் மதிப்புகளை மாற்றி அமைப்பதே கதைகளின் அடிப்படை உத்தி.

சார்பியல் கதைகள்

சார்பியல் விளைவுகள் அன்றாட வாழ்வில் புலப்படாமைக்குக் காரணம், ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கி.மீ. என்பதேயாகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓராண்டு முழுவதும் ஓயாமல் ஓடும் வண்டியில் உள்ள கடிகாரம், தரையில் உள்ள கடிகாரத்தைவிட ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூடப் பின்தங்குவதில்லை. இதனைக் கேட்கும் மாணவன் சூத்திரத்தை மனப்பாடம் செய்வானே அன்றி, அதன் பொருளை உணர மாட்டான்.

காமாவின் கனவு நகரில் ஒளியின் வேகம் மிதிவண்டியின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலானது. அங்கு விரைந்து செல்லும் மிதிவண்டிக்காரர் பயணத் திசையில் ஒடுங்கித் தோன்றுகிறார். டாம்கின்ஸ் தாமும் ஒரு மிதிவண்டியில் ஏறித் துரத்தும்போது, தாம் ஒடுங்கவில்லை என்பதையும், தெருவும் கட்டடங்களுமே ஒடுங்கிவிட்டன என்பதையும் காண்கிறார். சுருக்கம் காண்பவரைச் சார்ந்தது என்ற கருத்து இவ்வாறு ஒரு சமன்பாடும் இன்றி விளங்கிவிடுகிறது. எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வேகம் மிகச் சிறிதே கூடுகிறது. நின்றபின் பார்த்தால் அவர் கைக்கடிகாரம் அஞ்சல் நிலையக் கடிகாரத்துக்குப் பின்தங்கியிருக்கிறது. தொழில் காரணமாகத் தொடர்வண்டியில் ஓயாது பயணம் செய்யும் ஒருவர், முதுமையடைந்த தம் பேத்தியைவிட இளமையுடன் இருக்கிறார்.

இக்கதையை வகுப்பில் கணக்காகவும் மாற்றலாம். கனவு நகரில் ஒளியின் வேகம் மணிக்கு 30 கி.மீ. எனவும், மிதிவண்டியின் வேகம் மணிக்கு 24 கி.மீ. எனவும் கொண்டால், இரண்டின் விகிதம் 0.8. அதன் இருமடியை 1இலிருந்து கழித்து வர்க்கமூலம் கண்டால் 0.6 கிடைக்கும். அதாவது தெருவில் ஒரு மணி நேரம் கழியும்போது மிதிவண்டிக்காரருக்கு 36 நிமிடங்களே கழியும். பத்தாம் வகுப்புக் கணிதமே இதற்குப் போதும்.

குவாண்டம் கதைகள்

குவாண்டம் விளைவுகள் பெரிய பொருள்களில் புலப்படாமைக்குப் பிளாங்க் மாறிலியின் மிகச் சிறிய மதிப்பே காரணம். அதனைப் பெரிதாக்கிய உலகில், மேசைமீது உருளும் பில்லியர்ட் பந்துகள் ஓரிடத்தில் நில்லாமல் பரவிக் காணப்படுகின்றன. சிறு முக்கோணச் சட்டத்துள் ஒரு பந்தை அடைத்தால் அதன் இருப்பிடம் அறியப்படுகிறது. ஆனால் அதன் வேகம் அறுதியின்றிப் போய், பந்து சட்டத்துள் துள்ளித் திரிகிறது. சற்று நேரத்தில் சட்டத்தை ஏறிக் கடக்காமலே வெளியே வந்துவிடுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் கோட்டிங்கனில் தாம் கண்டறிந்த ஆல்பா துகளின் செயலையே காமாவ் இங்குக் கதையாக்கியுள்ளார்.

யானைமீதேறிக் குவாண்டம் காட்டுக்குச் செல்லும் கதையில், ஒரே புலி பல இடங்களில் இருப்பதுபோல் தோன்றுகிறது. மூங்கிற் கூட்டத்தின் இடைவெளிகள் வழியே ஓடும் மான் கூட்டம், துளைகள் வழியே செல்லும் அலைபோல விளிம்பு விளைவு காட்டுகிறது. மற்றொரு கதையில் டாம்கின்ஸ் தாமே எலக்ட்ரானாக மாறி அணுவினுள் சுற்றிவருகிறார். ஒரு பாதையில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை என்ற பவுலியின் தவிர்ப்பு விதியை அங்கு அறிகிறார்.

கனவுகளுடன் பேராசிரியரின் சொற்பொழிவுகளும் தனி இயல்களாக நூலில் இடம்பெற்றுள்ளன. கனவு ஆவலைத் தூண்டவும், சொற்பொழிவு காரணத்தை விளக்கவும் பயன்படுமாறு நூல் அமைந்துள்ளது.

குறைகளும் திருத்தங்களும்

காமாவின் முறை விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதன்று. வேகமாகச் செல்லும் பொருளின் நீளத்தை அளப்பது வேறு, அதனைக் கண்ணால் காண்பது வேறு. பொருளின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து கண்ணை ஒரே கணத்தில் வந்தடையும் ஒளி, வெவ்வேறு கணங்களில் புறப்பட்டது. இதனைக் கருத்திற் கொண்டால், சிறிய பொருள் ஒடுங்கியதாக அன்றிச் சற்றுத் திரும்பியதாகவே தோன்றும் என ஜேம்ஸ் டெரலும், விரையும் கோளத்தின் வெளிவிளிம்பு வட்டமாகவே தோன்றும் என ரோஜர் பென்ரோசும் 1959இல் காட்டினர். ஆகவே மிதிவண்டிக்காரர் தட்டையாகத் தெரியும் படம் அளவீட்டைக் காட்டுகிறதே தவிரக் காட்சியைக் காட்டவில்லை. எனினும் பென்ரோசே 1993ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அணிந்துரை எழுதினார்.

மற்றொரு குறையும் உண்டு. பிளாங்க் மாறிலியோ ஒளியின் வேகமோ அவ்வளவு மாறினால் அணுக்களின் அளவும் வேதிப் பிணைப்புகளும் மாறிவிடும். பில்லியர்ட் மேசையோ மனிதரோ இப்போதுள்ளவாறு இருக்க முடியாது. மற்றவை அனைத்தும் மாறாமல் இருப்பதாகக் கொள்வது கற்பித்தலுக்கான ஒரு வசதியே. இதனை மாணவர்க்கு எடுத்துக் கூறுவது ஆசிரியரின் கடமையாகிறது. இயற்பியலாளர் இரசல் சுடானர்ட் இந்நூலைப் புதுப்பித்து எழுதிய பதிப்பு 1999இல் வெளிவந்தது.

பள்ளி மாணவர்க்கான பிற நூல்கள்

1947இல் வெளிவந்த 'ஒன்று இரண்டு மூன்று... முடிவிலி' எண்ணியல், நாற்பரிமாண வெளி, சார்பியல், அணு, உயிர், அண்டம் அனைத்தையும் ஒரே நூலில் கூறுகிறது. படங்களையும் காமாவே வரைந்தார். சிறுவனாக இருந்த தம் மகனுக்கு அதனைப் படைத்தார்.

1956இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரால்டு சக்காரியாஸ் தலைமையில் ஓர் இயற்பியல் கல்விக் குழு அமைக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளி இயற்பியல் பாடத்தைச் சீர்திருத்துவதே அதன் நோக்கம். பாடநூலுக்குத் துணையாக மாணவர் தாமே படிக்கத்தக்க சிறுநூல் வரிசை ஒன்றும் தொடங்கப்பட்டது. அவ்வரிசைக்குக் காமாவ் இரு நூல்கள் எழுதினார். 1962இல் வெளிவந்த 'ஈர்ப்பு' நியூட்டனிலிருந்து ஐன்ஸ்டைன் வரை ஈர்ப்புக் கொள்கை வளர்ந்த வரலாற்றைக் கூறுகிறது. 1966இல் வெளிவந்த 'இயற்பியலை உலுக்கிய முப்பது ஆண்டுகள்' குவாண்டம் இயங்கியலின் வரலாறாகும். போர், பவுலி, டிராக் முதலியோரை நேரில் அறிந்த ஒருவர் எழுதியதால் இந்நூல் தனிச்சிறப்பு உடையது.

அண்டவியலும் உயிரியலும்

தொடக்கத்தில் அண்டம் மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்டிருந்தது என்றும், அப்போதே தனிமங்கள் உருவாயின என்றும் காமாவ் கருதினார். இவரது மாணவர் ரால்ஃப் ஆல்ஃபர் இதற்கான கணக்கீடுகளைச் செய்தார். கட்டுரையை வெளியிடும்போது, கிரேக்க நெடுங்கணக்கின் முதல் மூன்று எழுத்துகளான ஆல்பா, பீட்டா, காமா ஆகியவற்றை ஒத்து வரவேண்டும் என்பதற்காக, ஆய்வில் பங்குபெறாத ஹான்ஸ் பெத்தேயின் பெயரையும் காமாவ் சேர்த்தார். கட்டுரை 1948 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தது. இரு பெரும் அறிஞர்களின் பெயர்களுக்கிடையே தம் உழைப்பு மறைந்துவிடும் என ஆல்ஃபர் வருந்தினார். ஐதரசன், ஈலியம் ஆகியவற்றின் அளவுகளுக்கு இக்கொள்கை பொருந்தியது. கனமான தனிமங்களுள் பெரும்பாலானவை விண்மீன்களில் உருவாகின்றன எனப் பின்னர்க் கண்டறியப்பட்டது.

அதே ஆண்டில் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும், அத்தொடக்க வெப்பத்தின் எச்சமாக ஏறத்தாழ 5 கெல்வின் வெப்பநிலையுள்ள கதிர்வீச்சு இன்றும் அண்டமெங்கும் பரவியிருக்க வேண்டும் எனக் கணித்தனர். 1965இல் ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் அக்கதிர்வீச்சைக் கண்டறிந்ததை அறிவித்தனர்.

டி.என்.ஏ.யின் அமைப்பு 1953இல் வெளியானதும், அதிலுள்ள நான்கு காரங்கள் இருபது அமினோ அமிலங்களை எவ்வாறு குறிக்கின்றன என்ற கேள்வியைக் காமாவ் எழுப்பினார். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 16 சொற்களே கிடைக்கும். மும்மூன்றாகச் சேர்த்தால் 64 கிடைக்கும் என்பதால் மூன்றெழுத்துக் குறியீடே தேவை என வாதிட்டார். இவர் முன்வைத்த குறியீட்டு முறை தவறாயினும், மூன்றெழுத்து என்ற கருத்து சரியென நிறுவப்பட்டது.

இறுதிக்காலம்

1956இல் கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு மாறினார். முதல் மனைவியிடமிருந்து மணவிலக்குப் பெற்றபின், 1958இல் பார்பரா பெர்க்கின்சை மணந்தார். கொலராடோவின் போல்டர் நகரில் 1968 ஆகஸ்ட் 19 அன்று தமது 64ஆம் வயதில் காலமானார். இவரது தன் வரலாறு முற்றுப்பெறாத நிலையில் 1970இல் வெளியிடப்பட்டது.

கலிங்கா பரிசு

அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டு செல்வோருக்கான கலிங்கா பரிசு, ஒரிசாவைச் சேர்ந்த பிஜு பட்நாயக் அளித்த நன்கொடையால் நிறுவப்பட்டது. 1952இல் முதற் பரிசைப் பெற்றவர் குவாண்டம் இயங்கியலின் முன்னோடியான லூயி டி பிராய். காமாவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. இவர் பெற்ற பரிசுகளுள் கலிங்கா பரிசே பரவலாக அறியப்பட்டது. லெனின்கிராட் மேடையில் பொதுமக்களிடம் பேசக்கூடாதெனத் தடுக்கப்பட்ட அதே இயலைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொன்னதற்காக இது அவருக்குக் கிடைத்தது.

முக்கிய நூல்கள்

விந்தை உலகில் திரு. டாம்கின்ஸ்
கதிரவனின் பிறப்பும் இறப்பும் (1940)
திரு. டாம்கின்ஸ் அணுவை ஆராய்கிறார் (1944)
ஒன்று இரண்டு மூன்று... முடிவிலி (1947)
அண்டத்தின் படைப்பு (1952)
ஈர்ப்பு (1962)
இயற்பியலை உலுக்கிய முப்பது ஆண்டுகள் (1966)
என் உலகக் கோடு (1970, தன் வரலாறு)